நேராக வீட்டுக்குப் போகாதவர்கள்

அகாதா லெப்கிக்கு அறுபத்தொரு வயது. ஸ்டைன்பாக் என்ற குளிர்நாட்டு ஊரில் ஆரம்பப் பள்ளிக்கு எதிரே உள்ள முனையில், காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம், சிவப்புப் பலகையைத் தூக்கிப் பிடித்து வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுவது அவள் வேலை. மிச்ச நேரமெல்லாம் சாவுக் காரியம். மெனோனைட் கிறிஸ்தவச் சபையின் கீழ்த்தளச் சமையலறையில், அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்கு பன்னும் சீஸும் ஊறுகாயும் காப்பியும் சர்க்கரைக் கட்டியும் எடுத்துவைப்பவள் இருபத்தாறு வருடமாக அவள்தான். ஊரில் யாராவது கண்ணை மூடினால் போதகருக்கு அடுத்தபடி அகாதாவுக்குத்தான் தகவல் போகும். போனை எடுத்ததும், "எத்தனை பன் வேணும்?" என்பாள். எவ்வளவு அழுதுகொண்டிருந்தாலும் அந்தக் கேள்விக்கு எல்லாரும் ஒரு எண் சொல்லிவிடுவார்கள். அதற்காகவே அதை முதலில் கேட்பாள்.

"உனக்கு ரெண்டு வேலையும் ஒண்ணுதான்டி. இந்தப் பக்கம் இருக்கறவங்கள அந்தப் பக்கம் அனுப்பி வைக்கறது," என்று சமையலறைக் கூட்டாளி நெட்டி கேலி செய்வாள்.

"நீ போறப்ப பலகைய மட்டும் எடுத்துட்டு வர்றேன். பன் கிடையாது உனக்கு," என்பாள் அகாதா.

முனையில் அவளுக்கு மிகவும் பிடித்த ஆள் ரொமெல். பன்றிப் பண்ணையில் காலை முறை வேலை செய்துவிட்டு, தன் அக்காள் மகள் லிகாயாவைக் கூட்டிப்போக தினமும் மூன்றரைக்கு வந்து நிற்பான். பிலிப்பைன்ஸிலிருந்து வந்து ஏழு வருடம் ஆகியும் அந்தக் குளிரில் குல்லா போடமாட்டான். லிகாயாவின் பையை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொள்வான். அகாதா பலகையைத் தூக்கியதும் பயந்தவன் மாதிரி இரண்டு கையையும் உயர்த்தி, "டீட்டா, நான் ஒண்ணும் பண்ணல!" என்பான். டீட்டா என்றால் அவர்கள் பேச்சில் அத்தை. ஏழு வயது லிகாயா தினமும் அதற்குச் சிரிப்பாள்.

ஜனவரியில் ஒரு நாள் ரொமெல் வரவில்லை. பண்ணையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். நாற்பத்தொரு வயது.

கத்தோலிக்கக் கோயிலின் கூடம் சின்னது என்பதால், சாப்பாட்டுக்குத் தங்கள் சபையின் கீழ்த்தளத்தை அகாதாவே போய்க் கேட்டு வாங்கினாள். இருநூறு பன் சுட்டாள். ஆனால் அடக்கத்தன்று பதினொரு மணிக்கெல்லாம் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. கல்லறைத் தோட்டத்தில் எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. அகாதா பன்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி, கார்னியை வண்டி ஓட்டச் சொல்லி, கல்லறை வாசலுக்கே போய்விட்டாள். கார்னி அவள் கணவர். முப்பது வருடம் சன்னல் தொழிற்சாலை இரைச்சலில் இருந்து இடது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்.

ரொமெலின் அக்காள் மாரிவிக் கைக்குழந்தை ஜுன்ஜுன்னை அணைத்தபடி வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். அகாதா சன்னல் வழியாகப் பெட்டிகளைத் திணித்தாள்.

"கூடத்துக்கு வர வேணாம்மா. ரோட்ட மூடப்போறாங்க. நேரா வீட்டுக்குப் போயிடு."

"இல்ல டீட்டா... வழியில டோனட் கடையில ஒரு அஞ்சு நிமிஷம் நின்னுட்டு..."

"பைத்தியமா உனக்கு? குழந்தைய வச்சுக்கிட்டு! எங்கயும் நிக்கக்கூடாது. நேரா வீடு!"

பெரியவர்கள் சொன்னால் மாரிவிக் மறுத்துப் பேசமாட்டாள். கார்னியின் அண்ணன் மகன் டெல்மர் பனி தள்ளும் வண்டியோடு முன்னால் போய் அவர்கள் வாசல் வரை வழி வெட்டிக் கொடுத்தான். அன்று சாயங்காலம் அகாதா காலை நீட்டி உட்கார்ந்து, நல்ல காரியம் செய்தோம் என்று நிறைவாகக் காப்பி குடித்தாள்.

அடுத்த வாரம் ஜுன்ஜுன்னுக்கு மூச்சு முட்டி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிழைத்து வந்துவிட்டான். அகாதா அதற்கும் ஒரு பாத்திரம் சூப் அனுப்பினாள்.

பிப்ரவரியில்தான் ஒன்றைக் கவனித்தாள். முனை தாண்டியதும் லிகாயாவின் வீடு இடது பக்கம், மூன்றாவது தெரு முனையில்; அகாதா நிற்கும் இடத்திலிருந்தே கதவு தெரியும். வீட்டில் மாரிவிக்கின் தோழி ஒருத்தி ஜுன்ஜுன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். லிகாயா இடது பக்கம் போகவில்லை. கடைத் தெரு இருக்கும் வலது பக்கம் போனாள். தொடர்ந்து நான்கு நாள் அப்படியே. கூப்பிட்டுக் கேட்டால், "சும்மா, டீட்டா" என்றாள். சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வாடெலிடம் சொன்னாள். அவர் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "வீட்டுல குழந்தையப் பாத்துக்கற பொண்ணுகிட்ட படிப்பு மன்றம்னு லிகாயா சொல்லியிருக்கா. அப்படி ஒரு மன்றமே இல்ல. வீட்டுக்குப் போகப் பயப்படற குழந்தைன்னா நான் சும்மா இருக்க முடியாது அகாதா. நாளைக்கும் இப்படிப் போனா குழந்தைகள் நல அலுவலகத்துக்குச் சொல்லித்தான் ஆகணும்."

"மாரிவிக் அப்படிப்பட்டவ இல்ல."

"இருக்கலாம். அப்ப ஏன் போகமாட்டேங்கறா?"

அகாதா அறிந்தவரை, அடக்கம் முடிந்தால் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். வீடுதான் முடிவு. வீட்டுக்குப் போக ஒரு குழந்தை பயந்தால் அங்கே ஏதோ சரியில்லை என்றுதான் அவளுக்கும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

அன்று மாலை மைனஸ் முப்பத்தொரு டிகிரி குளிர். பலகையைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு லிகாயாவின் பின்னாலேயே போனாள். அவள் சலவைக் கடைக்குள் நுழைந்தாள். துணி எதுவும் இல்லை கையில். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் முன்னால் நின்று, இரண்டு காலையும் தரையில் தட்டினாள். மேல்கோட்டின் கைகளை, முதுகை, எட்டுகிற வரைக்கும் உதறினாள். பிறகு உதட்டை அசைத்து எண்ணத் தொடங்கினாள்.

"எதுவரைக்கும்?" என்று கேட்டுக்கொண்டே அகாதா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

லிகாயா திடுக்கிட்டாள். "நூறு."

"எண்ணி முடி. நான் இருக்கேன்."

முடித்தாள். அகாதா பக்கத்தில் தட்டிக் காட்டினாள். குழந்தை உட்காரவில்லை.

"எதுக்கும்மா இது?"

"பக்பாக்."

"அப்படின்னா?"

"செத்தவங்களப் பாத்துட்டு நேரா வீட்டுக்குப் போகக்கூடாது. எங்கயாவது நின்னு உதறிட்டுப் போகணும். இல்லன்னா சாவு கூடவே வீட்டுக்கு வந்துடும். நாங்க நேரா போயிட்டோம். அதான் ஜுன்ஜுன் ஆஸ்பத்திரிக்குப் போனான். அம்மா பெரியம்மாகிட்ட போன்ல சொன்னா. நேரா வந்திருக்கக்கூடாதுன்னு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீங்கதான் நேரா போகச் சொன்னீங்க."

இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அகாதாவுக்கு அந்த டோனட் கடை இப்போதுதான் புரிந்தது. ஐந்து நிமிடம் கேட்டாள் மாரிவிக். அதைக்கூடக் கொடுக்காமல், இவள் முன்னால் பனிவண்டி வேறு ஓட்டவைத்து, வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறாள்.

"ஆமா," என்றாள். "நான்தான் சொன்னேன். எனக்குத் தெரியாது. கேட்டிருக்கணும், கேக்கல."

குழந்தை உட்கார்ந்தது.

"உன் மாமா எதனால செத்தான் தெரியுமா?"

"ஹார்ட்."

"ஆமா. அது ரத்தத்த அனுப்பற வேலைய நிறுத்திடுச்சு. யாரும் எதுவும் செஞ்சதால வந்தது இல்ல. ஜுன்ஜுன்னுக்கு நெஞ்சுல சளி. இந்த வருஷம் உன் வகுப்புலயே ஆறு பேருக்கு வந்துச்சு. அந்த ஆறு பேரும் எந்த அடக்கத்துக்கும் போகல." கையுறையைக் கழற்றினாள். "எங்கப்பா செத்தப்ப எனக்கும் உன் வயசுதான். யாரும் எனக்கு ஒண்ணும் சொல்லல. சமையலறையில உக்காத்தி வச்சுட்டாங்க. அங்க ஒரு கிண்ணம் நிறைய சர்க்கரைக் கட்டி இருந்துச்சு. பதினொண்ணு தின்னேன்."

"பதினொண்ணா?"

"வாந்தி எடுத்தேன். எங்க பெரியப்பா ஷூ மேல. புது ஷூ."

லிகாயாவின் வாய்க்கோணம் லேசாக நெளிந்தது.

"அடுத்த வாரம் எங்க மாடு செத்துப்போச்சு. அப்பா செத்த அன்னைக்கு இனிப்பு தின்னு சந்தோஷமா இருந்தேன்ல, அதனாலதான்னு நெனச்சேன். பன்னெண்டு வயசு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

"மாடு ஏன் செத்துச்சு?"

"கிழட்டு மாடு."

குழந்தை தலையாட்டியது. பிறகு, "ஆனா தின்ன சர்க்கரைய உங்களால திருப்பிக் குடுக்க முடியாது டீட்டா. நாங்க திரும்ப நின்னுக்கலாம்ல?" என்றது.

அதற்குப் பதில் சொல்லத் தனக்கு உரிமையில்லை என்று அகாதாவுக்குப் பட்டது. "உங்கம்மாவக் கேப்போம்," என்று எழுந்தாள்.

முதியோர் இல்லத்து வேலைச் சீருடையிலேயே வீட்டுக்கு வந்து நின்ற மாரிவிக் முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

"அது சும்மா அக்காகிட்ட பொலம்பினது டீட்டா. சின்னதுலேர்ந்து எல்லாரும் செய்யறது. நம்பறமா இல்லையான்னு யாரு யோசிச்சா? அடக்கம் முடிஞ்சு எல்லாரும் ஒண்ணா உக்காந்து எதையாவது தின்னுட்டு, கொஞ்சம் சிரிச்சுட்டு, அப்புறம் வீடு. அன்னைக்கு நேரா அவன் செருப்பு கெடக்கற வீட்டுக்குள்ள வந்து நின்னோம் பாருங்க... அதத்தான் சொன்னேன்."

"அந்த அஞ்சு நிமிஷத்த நான் புடுங்கிட்டேன்."

"நீங்க இருநூறு பன் சுட்டீங்க."

"அது வேற கணக்கு. என்ன பண்ணலாம், சொல்லு."

"வர்ற சனிக்கிழமை நாப்பதாம் நாள். கல்லறைக்குப் போய் ஜெபம் பண்ணுவோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். "திரும்பி வர்றப்ப நிக்கலாமா?"

"அன்னைக்கு நேரா போன எல்லாரும் வரணும்," என்றாள் லிகாயா. விரல் விட்டு எண்ணினாள். "அம்மா, நானு, ஜுன்ஜுன். நீங்களும்தான் டீட்டா. கார்னி அங்கிளும். பனிவண்டி அண்ணனும்."

மறுநாள் காலை வாடெலிடம் அகாதா விஷயத்தைச் சொன்னாள். மாரிவிக்கும் போன் செய்திருந்தாள். அவர் எதுவும் எழுதாமல் பேனாவை மூடிவிட்டு, "சனிக்கிழமை வரைக்கும்?" என்று கேட்டார். "என்கூட வருவா," என்றாள். அப்படியே ஆயிற்று. ஒரு நாள் இரும்புக் கடை, ஒரு நாள் நூலகம், ஒரு நாள் கோழித்தீவனக் கடை. இருவரும் உதறிக்கொண்டு, நூறு எண்ணி, பிறகு அகாதா அவளை வீட்டு வாசலில் விட்டுவருவாள். தீவனக் கடைக்காரர், "என்ன தொலைஞ்சு போச்சு?" என்று கேட்டு, தானும் அலமாரிக்கு அடியில் தேடினார்.

"இதெல்லாம் மூடநம்பிக்கை இல்லையா?" என்று நெட்டி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நம்ம ஆளுங்க பொணத்த நடுவுல வச்சு குடும்பத்தோட நின்னு போட்டோ எடுத்து, அத வீட்டுக் கூடத்துல மாட்டறாங்க. அது?"

"அது ஞாபகத்துக்கு."

"இது டோனட்டுக்கு. வாய மூடிட்டு உரி."

சனிக்கிழமை வெயில் அடித்தது, குளிர் குறையவில்லை. கல்லறையில் ஜெபம் முடிந்ததும் மூன்று வண்டிகள் டோனட் கடை வாசலில் நின்றன. டெல்மர் பனிவண்டியையே எடுத்து வந்திருந்தான். லிகாயா கதவோரம் நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் உள்ளே விடுமுன் கோட்டைத் தட்டி உதறினாள்.

"என்ன பண்றா இவ?" என்று கத்தினார் கார்னி.

"உன்மேல ஒட்டியிருக்கறத எடுக்கறா!" என்று அவர் வலது காதில் கத்தினாள் அகாதா.

"முப்பது வருஷ அழுக்கு, நல்லா தட்டும்மா!"

ரொமெலைப் பற்றிப் பேசினார்கள். அவன் தலையில் பை கவிழ்த்துக்கொண்டு கம்பத்தில் மோதிக்கொண்ட கதையை டெல்மர் நடித்தே காட்டினான். ஜுன்ஜுன் டோனட்டை முகமெல்லாம் பூசிக்கொண்டான். அகாதா கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தாள். சர்க்கரைக் கட்டிகள். ஒன்றைக் காப்பியில் தோய்த்துக் காட்டினாள்.

"ரெண்டுதான்," என்றாள் மாரிவிக் மகளிடம்.

"டீட்டா பதினொண்ணு தின்னாங்க!"

"அதான் மாடு செத்துச்சு," என்றார் கார்னி. அவருக்கு எந்தக் காது எப்போது கேட்கும் என்று அகாதாவுக்கு இன்றுவரை புரிந்ததில்லை. எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது லிகாயா.

திங்கட்கிழமை மாலை அகாதா பலகையைத் தூக்கினாள். பிள்ளைகள் கடந்தார்கள். லிகாயா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, ஒரு நிமிடம் நின்றாள். பையைத் தோளிலிருந்து கழற்றித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். இரண்டு கையையும் உயர்த்தினாள்.

"டீட்டா, நான் ஒண்ணும் பண்ணல!"

இடது பக்கம் திரும்பி, மூன்றாவது தெருவை நோக்கி நடந்தாள். பை கண்ணை மறைக்க, பாதை தெரியாமல் ஒருமுறை பனிமேட்டில் முட்டிக்கொண்டாள். அவள் வீட்டுக் கதவு திறந்து மூடும் வரை அகாதா பலகையை இறக்கவில்லை. நின்றிருந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"இருப்பா," என்றாள் அகாதா. "அஞ்சு நிமிஷத்துல என்ன கொறஞ்சுடப் போவுது?"