மட்டம் குறையாத கிணறு

நேற்றுக் காலை செஞ்சியில், ராஜகிரி அடிவாரத்தில் கைபம்பு இறக்கும் வேலையில் நின்றிருந்தேன். வல்லத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். "எங்க மச்சான் பூட்டாரு சார். உங்களுக்குச் சொல்லச் சொல்லி அக்கா அனுப்புச்சு" என்றார். ஆரோக்கியசாமி காலமாகிவிட்டார்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிழக்கே ஒரு கடலோர ஊரில் குடிநீர் பம்ப் டிரைவராக இருந்தவர் அவர். அங்கே பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்ட காலம் போய்க் கிணறும் தெருக்குழாயும் வந்தபோது, ஆயில் எஞ்சினை முதலில் கிளப்பியவரும் அவரே. தினமும் காபிகூடக் குடிக்காமல் கிணற்று நீரை ஒரு வாய் ருசி பார்ப்பார். பிடிக்காவிட்டால் அன்று பம்ப் ஓடாது. ஊர் திட்டும். "திட்டட்டும். நாளைக்குக் குடிக்க வாணாமா?" என்பார்.

பிறகு கரண்ட் வந்தது. ஓவர்சியராக நானும் போனேன். பெரிய மோட்டார் பொருத்தி, நாள் முழுக்க ஓட்டச் சொன்னேன். குழாயடிச் சண்டை ஓய்ந்தது. எனக்கு மாலை போட்டார்கள்.

மூன்றாம் மாதம் அவர் வந்து நின்றார்.

"ஊத்து மாறுது சார். கொஞ்ச நாள் நிறுத்தலாம்."

"அளந்து பார்த்தேன். மட்டம் ஒரு அங்குலம்கூடக் குறையலியே?"

"கொறையல சார். அதான் பயமா இருக்குது."

"உங்க நாக்கை ரிப்போர்ட்ல ஒட்டி அனுப்ப முடியுமா?"

"அனுப்ப வாணாம். நீங்களே குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். டீக்கடையிலிருந்து வந்த வாய்க்கு ஒன்றும் தெரியவில்லை. சாம்பிளை மதராஸுக்கு அனுப்பினேன், மோட்டாரை நிறுத்தவில்லை. பதில் வருமுன்னே, பருப்பு வேகவில்லை என்று பெண்கள் வந்துவிட்டார்கள். நாங்கள் நல்ல நீரை இறைக்க இறைக்க, கடல் அடியில் ஏறி மட்டத்தை நிரப்பியிருக்கிறது.

அவர் என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. ஓய்வுபெற்று வல்லத்தில் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன்.

"இப்ப எப்டி இருக்குது சார் தண்ணி?"

"உப்புதான்."

"மோட்டார நிறுத்திட்டு ரெண்டு மழ உட்டுப் பாருங்க."

நான் செஞ்சிக்கு மாற்றலாகியிருந்தேன். மேலதிகாரிகளுக்கு மூன்று முறை எழுதினேன். வேறு தண்ணீரே இல்லாத ஊரில் எப்படி நிறுத்துவது என்று கேட்டார்கள். 

இன்று வல்லம் கல்லறையில் என் கையிலும் ஒரு பிடி மண் கொடுத்தார்கள். அந்நேரம் அந்தக் கடலோர ஊரில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். பெண்கள் குடம் வைத்துக் காத்திருப்பார்கள். மண்ணைப் போட்டேன்.

நீங்கள் சொன்ன அன்றே நான் நிறுத்தியிருக்க வேண்டும், ஆரோக்கியசாமி. போய் வாருங்கள்.