கழிவு வெளியேறுகிறதாம்

என் கணவர் திருவேற்காட்டிலிருந்து கோயம்பேட்டுக்கு ஷேர் வேன் ஓட்டுகிறவர். நேரங்கெட்ட நேரத்தில் பரோட்டாவும் டீயுமாக வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். டாக்டர் மாத்திரை கொடுத்து, எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும் என்றார். தொண்டைக்குள் குழாயா என்று பயந்து, கரையான்சாவடியில் அக்குபங்சர் பார்க்கிற ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார். அந்த ஆள் ஊசியோடு நிற்கவில்லை. பரோட்டாவை நிறுத்து, டீயை நிறுத்து, மாத்திரையையும் நிறுத்து என்றார்.

"எரிச்சல் கம்மியா கீது. ஊசி வேலை செய்து," என்றார் இவர், முதல் வாரம்.

"பரோட்டாவ நிறுத்தினதால இருக்கலாம் இல்ல?"

"உனுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

பாடியில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை என் வேலை. ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மாற்றிவிட்டு எது சரிசெய்தது என்று கேட்டால், அங்கே யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். மறுபடியும் எரிச்சல் ஏறியபோது கேட்டேன்.

"இப்ப இன்னா சொல்றாரு ஊசிக்காரரு?"

"கழிவு வெளிய போவுதாம். நல்லதுதானாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறைந்தாலும் ஊசியின் வெற்றி, ஏறினாலும் ஊசியின் வெற்றி. எதை வைத்து அளந்தாலும் 'சரி' என்று காட்டும் கேஜை நாங்கள் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுவோம். பஸ்ஸில் வரும்போதெல்லாம் போனில் படித்தேன். சில வயிற்றுக் கோளாறுகளுக்குக் கொஞ்சம் உதவலாம் என்றது ஒன்று. பொய்யாக ஊசி குத்தினாலும் அதே அளவு சுகம் தெரிந்தது என்றது இன்னொன்று. உறுதியாகத் தெரியவில்லை என்பதை அப்படியே இவரிடம் சொன்னேன்.

"தெரியலன்னு சொல்றதுக்கா இம்மாம் படிக்கிற?" என்று சிரித்தார். அதன் பிறகும் விடாமல் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தினமும் வாதாடினேன்.

ஒரு நாள் வீட்டு முன்னால் வேனிலிருந்து இறங்கியவர் தலைசுற்றி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

"மோஷன் எப்படிப் போகுது?" என்று கேட்டார் டாக்டர்.

"கறுப்பா போவுது சார். ஒரு மாசமா."

வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தால் அப்படிப் போகும் என்றார் டாக்டர். "வீட்ல சொல்லலையா?"

இவர் என் பக்கம் திரும்பவில்லை. "ஊசி போடறவர்கிட்ட சொன்னேன் சார். கழிவுன்னாரு. இவகிட்ட சொன்னா சண்டைக்கு வருவா."

ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே என்று தினமும் அவரைப் பிடுங்கியெடுத்தவள் நான். அது ஒரு மாதமாக என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. எனக்குப் பயந்து என்னிடம் மட்டும் சொல்லவில்லை.