ஆலாக்கள் குந்திய தோணி

கல்முனைக் கடற்கரையில் முத்தலிபைப் போல் பறவை பார்க்கத் தெரிந்தவர் இல்லை. ஆலாக்கள் தாழப் பறந்தால் கீரி, செங்குத்தாக விழுந்தால் சூரை என்று கரையில் நின்றே மீனைச் சொல்லிவிடுவார். தம்பி மஜீடுக்கு அதைப் பழக்கியவரும் அவர்தான். தொண்ணூற்றாறில், இரண்டு மைலுக்கு அப்பால் தொழில் செய்யக் கூடாதென்று கடற்படை தடுத்திருந்த யுத்த நாட்களில், மஜீட் ஆலாக்களைத் துரத்திக்கொண்டு எல்லையைத் தாண்டினான். கரைக்கு வெடிச்சத்தம் கேட்டது. ஆள் வரவில்லை.

பள்ளிவாசல் மரைக்காயர் கையை விரித்தார். ஆள் இறந்தான், மவுத்தென்று சொல்ல இரண்டு சாட்சி வேண்டும். அதுவரை மஜீடின் மனைவி றுஸ்தா, புருஷனை இழந்தவள் இருக்கும் இத்தாவுக்குக்கூட இருக்க முடியாது.

பன்னிரண்டாம் நாள், கடற்பறவை எண்ணக் கொழும்பிலிருந்து ஸாஜித் வந்தார். ஐந்து மைல் போக அவரிடம் அனுமதிக் கடிதம் இருந்தது. முத்தலிப் மறுபேச்சில்லாமல் தோணியை இறக்கினார்.

மூன்றாம் மைலில் டொல்பின்கள் துள்ளின.

"நானா, பாருங்க, குட்டியும் ஈக்கி!" என்று முத்தலிபை அண்ணன் முறையில் கூப்பிட்டு ஸாஜித் எழும்பி நின்றார்.

"குந்துங்க சேர். அதுகளுக்கு நீந்தத் தெரியும், உங்களுக்குத் தெரியுமா?"

முத்தலிபின் கண் வேறெங்கோ இருந்தது. தூரத்தில் ஆலாக்கள் விழாமலும் பறக்காமலும் வரிசையாகக் குந்தியிருந்தன. தோணியை அங்கே விட்டார்.

கவிழ்ந்து கிடந்தது மஜீடின் தோணி. நீலத்தில் சிவப்புக் கோடு, முத்தலிபே பூசியது. வயிற்றில் மூன்று ஓட்டை.

"பதினேழு" என்று எழுதிய ஸாஜித், ஓட்டைகளைக் கண்டதும் புத்தகத்தை மூடினார். முத்தலிப் கயிற்றை எடுத்தார்.

"இழுத்துக்கிட்டுப் போனா கரையில என்னத்தச் சொல்ற? விடுங்க நானா."

"அப்ப பள்ளியில வந்து கண்டதச் சொல்லுங்க சேர். வேறொண்டும் வேணாம்."

"நான் குருவி எண்ண வந்தவன். எனக்கும் புள்ளகுட்டி ஈக்கி. திருப்புங்க." முத்தலிப் கயிற்றைக் கீழே போட்டார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, தனியே வந்து நின்ற முத்தலிபிடம் மரைக்காயர் சொன்னார்: "நீ ஒரு ஆள். அதுவும் கூடப்பிறந்தவன்."

றுஸ்தா கதவோரம் நின்றாள். "மச்சான், உங்கட கண்ணால கண்டீங்கதானே?"

"ஓம் புள்ள."

"எனக்கு அது போதும்."

அந்தித் தொழுகையான மஃரிபோடு கதவைச் சாத்தி இத்தாவுக்கு இருந்தாள். உயிரோடிருக்கும் புருஷனைச் சாகடித்தவள் என்று ஊர் கதைத்தது. நான்கு மாதம் பத்து நாள், மீனும் விறகும் கொண்டுபோய் வாசலில் வைத்தவர் முத்தலிப் ஒருவர்தான். பள்ளிப் பதிவில் மஜீட் இன்னும் மவுத்தாகவில்லை.