கோதுமை நுழையாத வீடு

இன்று காலை என் மகள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். யாரோ ஒரு பெண் பளபளவென்று ஒரு சமையலறையில் நின்றபடி, பாப்கார்னில் பாகு ஊற்றி, கலர் மிட்டாய் தூவி உருட்டிக்கொண்டிருந்தாள். "குளூட்டன் ஃப்ரீ கிறிஸ்துமஸ் ஸ்வீட்டாம்மா, கோதுமையே கிடையாதாம், ரொம்ப ஈஸியாம்" என்றாள் மகள். அந்தப் பெயர் தெரியாமலேயே எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வீடியோவில், மூடிய சட்டிக்குள் சோளம் படபடவென்று பொரிய ஆரம்பித்தது. சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. இந்த வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா, சொல்லுங்கள். ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் தம்பி என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதாகவே தோன்றுகிறது.

தம்பி தாவீதுக்குக் கோதுமை ஆகாது. தின்றால் வயிறு உப்பிக்கொள்ளும், வாரக்கணக்கில் வயிற்றால் போகும், ஆளே துரும்பாகிவிடுவான். சேலத்து டாக்டர் அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது அப்பா சிரித்தே விட்டார். மொரப்பூர்ப் பக்கம் அரிசியும் ராகியும் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். கோதுமையை விடுவது ஒரு கஷ்டமா? கஷ்டம் டிசம்பரில்தான் தெரிந்தது. பாட்டுப் பாடிக்கொண்டு கீத பவனி போகும் வீட்டிலெல்லாம் கேக், பிஸ்கட், மைதாவில் செய்த கலகலா. தம்பி எல்லாவற்றையும் வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் கொட்டுவான். நான் வெட்கமே இல்லாமல் அவன் எதிரிலேயே தின்பேன். எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பான்.

அதைப் பார்த்துத்தான் அம்மா பாப்கார்ன் உருண்டையைப் பிடித்துக்கொண்டார். வெல்லப்பாகை உருட்டுப் பதத்தில் இறக்கி, பொரித்த சோளத்தைக் கொட்டிக் கிளறி, ஆரஞ்சு மிட்டாயை உடைத்துப் போட்டு, ஜீரக மிட்டாயில் புரட்டி எடுத்தால் ஒரு உருண்டை. சூட்டோடு பிடிக்க வேண்டும். கை ஒட்டாமல் இருக்க உள்ளங்கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்குப் பொறுமை கிடையாது. பாகின் கொதி அடங்குமுன்னே மிட்டாயைப் போட்டுவிடுவேன், சாயமெல்லாம் இறங்கி உருண்டை திட்டுத்திட்டாக நிற்கும். தம்பி அதைத்தான் பொறுக்கி எடுப்பான். "அக்கா புடிச்சது பாக்கத்தான் கண்றாவி" என்பான், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

ஒரு வருடம் பக்கத்து வீட்டு மாதம்மா அத்தை உதவிக்கு வந்தார். எங்கள் பண்டிகை என்றால் அவருக்கும் பண்டிகைதான். அரிசி மாவு கொஞ்சம் பழுப்பாக இருக்கிறது, நல்ல நாளும் அதுவுமாக உருண்டை வெளேரென்று இருக்கட்டும் என்று, தன் வீட்டு மைதாவைக் கிண்ணத்தில் எடுத்துவந்து தொட்டுத்தொட்டு உருட்டிவிட்டார். உள்ளே போடக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். கையில் தொடுவதுமா கணக்கு? தம்பி அந்தக் கிறிஸ்துமஸ் முழுக்கப் பாயில் சுருண்டு கிடந்தான். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அன்றோடு கோதுமை எந்த ரூபத்திலும் எங்கள் வாசற்படி தாண்டக்கூடாது என்றாகிவிட்டது. யாராவது கேக் கொடுத்தால் சிரித்த முகத்தோடு வாங்கி, அப்படியே சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை வீட்டுப் பிள்ளைகளிடம் நீட்டிவிடுவார்.

வளர்ந்ததும் தம்பி போர்வெல் வண்டிக்கு வேலைக்குப் போனான். எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் அப்படித்தான், வண்டியோடு வடக்கே போனால் மாசக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். அம்மாவுக்கு வெயிலும் பயமில்லை, பாஷையும் பயமில்லை. அங்கே சப்பாத்திதானே என்பது ஒன்றே பயம். வண்டியிலேயே சமையல்காரர் உண்டு, நம் ஊர் அரிசிதான் என்று முதலாளி வந்து சொன்ன பிறகுதான் விட்டார். ஒரு டப்பா நிறைய உருண்டையோடு மொரப்பூரில் ரயிலேறினான். மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு ஊர்ச் சந்தையில், சோப்பு வாங்கி வருகிறேன் என்று போர்வெல் வண்டியை விட்டு இறங்கியவன் திரும்பி வரவில்லை.

கூட வேலை செய்தவர்கள் தேடினார்கள், போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா போய் நாள்கணக்கில் அலைந்து, அவன் பையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏங்க, அந்த ஊருல அரிசி கெடைக்குதுங்களா?"

"கெடைக்குது" என்றார் அப்பா. செம்பைக் கீழே வைக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதையெல்லாம் பார்க்கவே இல்லை, சும்மா சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டில் சோளம் பொரிந்தது. அவன் எந்த நேரத்தில் வந்து நின்றாலும் பயமில்லாமல் எடுத்துத் தின்கிற மாதிரி வீடு இருக்க வேண்டும் என்பது அம்மாவின் நினைப்பு. அப்பா போய்ச் சேர்ந்தார், நான் கல்யாணமாகித் தர்மபுரிக்கு வந்தேன், மாற்றமில்லை. ஆயா வீட்டில் மட்டும் ஏன் கேக் இல்லை என்று என் பிள்ளைகள் முறுக்கிக்கொள்வார்கள். நானோ விவரம் தெரிந்தவள் மாதிரி, அம்மாவின் மன ஆறுதலுக்கு விட்டுவிடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுவேன். சொல்லிவிட்டு, சினிமா தியேட்டர் பாப்கார்ன் வரிசையில் முன்னால் நிற்கிறவன் பிடரியை உற்று உற்றுப் பார்ப்பேன். எத்தனை பேர் திரும்பி முறைத்திருக்கிறார்கள் தெரியுமா.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். வீட்டுக்குள் வெல்ல வாசனை இல்லை. மேசை மேல் கம்பைநல்லூர் பேக்கரி அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. யாரோ தெரியாமல் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று, சுவருக்கு அந்தப் பக்கம் கொடுக்க அதைத் தூக்கினேன்.

"வெய்யி. நாந்தான் வாங்கியாந்தேன், புள்ளைங்க திங்கட்டும்" என்றார் அம்மா. அம்மா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"இனிமே யாரு வவுறு நோவப் போவுது, வுடு."

பிள்ளைகள் சந்தோஷமாக ஓடிவந்தார்கள். அம்மா துண்டு போட்டுக் கொடுத்தார், தானும் ஒரு துண்டு தின்றார். எனக்குத்தான் இறங்கவில்லை. இத்தனை வருடமும் அம்மாதான் காத்திருக்கிறார், நான் கூட நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, அவரை நம்பித்தான் நானும் காத்துக்கொண்டிருந்தேன் என்று. எனக்குத் தம்பி செத்துப்போனது அன்றைக்குத்தான்.