முழங்கையிலேருந்து ஊத்து

பிள்ளைங்களா, போன மாசம் உங்க அத்தை வீட்டுக் காதுகுத்துல நடந்ததைப் பத்தி ஆளுக்கு ஒண்ணு பேசுறாங்க. நான் சபையில மரியாதை கெட்டு நடந்துக்கிட்டேன்னு ஒரு பேச்சு. வேணும்னே செஞ்சேன்னு இன்னொரு பேச்சு. ரெண்டாவது பேச்சு நிஜம். வேணும்னேதான் செஞ்சேன். அது ஏன்னு மத்தவங்க சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேணாம்னு இதை எழுதுறேன். பத்தாவது வரைக்கும் படிச்சவன் எழுத்து. தப்பு இருந்தா அக்கா திருத்தட்டும், தம்பி சிரிக்கட்டும்.

என் இடது கையில மணிக்கட்டுக்கு மேலேருந்து முழங்கை வரைக்கும் பழைய தழும்புகள் இருக்கு. நீங்க பார்த்திருக்கீங்க. தம்பி நாலு வயசுல கேட்டப்போ, மல்லாட்டைக் கடலை உடைக்கிற மெஷின்ல பட்டதுன்னு சொன்னேன். அது பொய். எனக்கு இருபத்திரண்டு வயசு இருந்தப்போ, உங்க அம்மாவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, மனசு சரியில்லாம ரொம்ப நாள் கிடந்தேன். அந்த நாள்கள்ல என் கையை நானே காயப்படுத்திக்கிட்டேன். தொழில்ல நான் எழுதுற மனு மாதிரி சொன்னா, மேற்படி காயங்களுக்கு வேறு எவரும் பொறுப்பல்ல. எப்படி, எதாலங்கிறது உங்களுக்குத் தேவையில்லை, எழுதவும் மாட்டேன். எப்படி நின்னுச்சுங்கிறதை எழுதுறேன்.

உங்க அத்தைதான் முதல்ல பார்த்தா. அப்போ அவ பன்னிரண்டாவது படிச்சிட்டிருந்தா. கத்தலை, அழலை. "ணா, சட்டையை மாத்து, கெளம்பு"ன்னா. எங்கேன்னு கேட்டேன். "டாக்டர்கிட்ட. நீ வரலைன்னா அப்பாகிட்ட சொல்வேன்"னா. பஸ்ல என் பக்கத்துல உட்கார்ந்து, அந்தக் கையை விடாம பிடிச்சிட்டே வந்தா. ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு எதுன்னு நாலு பேர்கிட்ட சத்தமாக் கேட்டா. எனக்கு மானம் போச்சு. அவளுக்குப் போகலை. ஒன்றரை வருஷம் மாத்திரை, மாசம் ஒரு தடவை டாக்டரம்மாகிட்ட பேச்சு. பேசுறதுனால என்ன ஆயிடப்போகுதுன்னு நினைச்சேன். ஆச்சு. காயப்படுத்திக்கிறது நின்னு போச்சு. கல்யாணப் பேச்சு வந்தப்போ உங்க அம்மாகிட்ட எல்லாத்தையும் முதல்லயே சொன்னேன். "இப்ப நல்லா இருக்கீங்கல்ல?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டா.

காயம் ஆறிடுச்சு. மறைக்கிற வேலைதான் ஆறலை.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ல உட்கார்ந்து மனு எழுதுறவன். வலது கை எழுதும், இடது கை பேப்பரை அழுத்திப் பிடிக்கும். பிடிக்கலைன்னா காத்துல பேப்பர் ரோட்டுக்குப் போயிடும். எதிர்ல இருக்கிற ஜனம் எழுத்தைப் பார்க்காது, பாதிப் பேருக்குப் படிக்க வராது. பேப்பரைப் பிடிச்சிருக்கிற கையைத்தான் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. அதனால சித்திரை வெயில்லயும் முழுக்கை சட்டை, மணிக்கட்டு பட்டன் வரைக்கும் போட்டுக்குவேன். பட்டன் அறுந்த ஒரு நாள்தான் கயிறு யோசனை வந்துச்சு. கிரிவலப் பாதையில விக்கிற சிவப்புக் கயிறு, கறுப்புக் கயிறு, எது கிடைச்சாலும் வாங்கிக் கட்டினேன். ஒண்ணு மேல ஒண்ணா அரை முழத்துக்குக் கயிறு. நம்ம ஊர்ல அதைப் பார்த்து யார் சந்தேகப்படுவா?

சந்தேகப்படலை, கும்பிட்டாங்க. பட்டா மாத்த வந்த ஒரு அம்மா, "சாமி கையால எழுதினா ஆபீசர் கையெழுத்து ஒடனே ஆவுதாம்"னு சொல்லி மத்த ரெண்டு மனு எழுதுறவங்களைத் தாண்டி என்கிட்ட வந்து நின்னாங்க. டீக்கடைக்காரர், "சாமிக்கு டீயா, தீர்த்தமா?"ன்னு தினமும் கேப்பார். ஒரு பெரியவர் குனிஞ்சு திருநீறு கேட்டார். என்ன பண்றதுன்னு தெரியாம கொடுத்துட்டேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்து உங்க அம்மாகிட்ட சொன்னா, அவ சிரிச்சு சிரிச்சுப் புரை ஏறிடுச்சு. எனக்குச் சிரிப்பு வரலை. மறைக்கப் போய் இன்னொருத்தனா ஆயிட்டேனேன்னு இருந்துச்சு.

ஈரக் கயிறு காயாம அரிப்பு எடுத்து, தோல் டாக்டர்கிட்ட போனேன். அவங்களே கத்தரிக்கோல் எடுத்து எல்லாத்தையும் வெட்டினாங்க. அடியில இருந்ததைப் பார்த்தாங்க. கேள்வி கேக்கலை. ஒரு ட்யூப் எழுதிக் கொடுத்து, "தழும்பு கொஞ்சம் மங்கும், முழுசாப் போவாது. தடவுறதும் தடவாததும் உங்க இஷ்டம். ஆனா தப்பு செஞ்ச மாதிரி ஒளிஞ்சு தடவாதீங்க"ன்னு சொன்னாங்க. வருஷக்கணக்கா தடவினேன். சிவப்பா இருந்தது பழுப்பாச்சு, பழுப்பு வெள்ளைக் கோடாச்சு. அதுக்கு மேல அசையலை.

இப்ப காதுகுத்துக்கு வர்றேன். உங்க அத்தை பொண்ணுக்கு ஒரு வயசு. தாய்மாமன் மடியில உட்கார வெச்சுத்தான் காது குத்தணும், அந்தத் தாய்மாமன் நான். எல்லா ஊர்லயும் அப்படித்தான். அவங்க வீட்டு வழக்கத்துல இன்னொண்ணு உண்டு. தாய்மாமன் சட்டையைக் கழட்டிட்டு உட்காரணும், குழந்தையோட அம்மா அவர் ரெண்டு கையிலயும் மஞ்சள் தண்ணி ஊத்தணும், அப்புறம்தான் குழந்தையைக் கொடுப்பாங்க.

பத்து நாள் முன்னாடி உங்க மாமாவோட அண்ணன், நீங்க பெரிய மாமான்னு கூப்பிடுறவர், என் மேஜைக்கே வந்துட்டார். மனு எழுத வந்தவர் மாதிரி எதிர்ல உட்கார்ந்தார்.

"மச்சான், தப்பா எடுத்துக்கக் கூடாது."

"மொதல்ல சொல்லுங்க, எடுக்கிறதா வேணாமான்னு அப்புறம் பார்க்கலாம்."

"எம்பொண்ணைக் கேட்டு வர்ற ஜனம் அன்னிக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கும். நீ சட்டையைக் கழட்டுவ. கையைப் பார்த்துட்டு, இவங்க வகையறாவுல பைத்தியம் இருக்கான்னு கேட்டா நான் என்னா சொல்றது?"

"மனசு சரியில்லாம இருந்துச்சு, வைத்தியம் பார்த்தோம்னு சொல்லுங்க."

"வெளாடாத மச்சான். உங்க பெரியப்பா மவனை உட்கார வெச்சுடலாம், அவனும் தாய்மாமன் முறைதான். இல்லேன்னா மேக்கப் போட்டுக்கோ. கல்யாணப் பொண்ணுங்களுக்கு அம்மைத் தழும்பையே மறைச்சுடுறாங்க."

எனக்குக் கோவம் வந்துச்சு. ஆனா அந்தக் குழந்தை இன்னொருத்தன் மடியில உட்கார்றதை என்னால நினைச்சுப் பார்க்க முடியலை. பஸ்ல என் கையைப் பிடிச்சிட்டு வந்தவளோட குழந்தை அது. சரின்னுட்டேன். உங்க அம்மா மட்டும், "பூசிக்கங்க, ஆனா எம் பட்டுப் பொடவை பக்கம் வராதீங்க"ன்னா. அவளுக்குப் பிடிக்கலைன்னு அதுக்கு அர்த்தம்.

காதுகுத்து அன்னிக்குக் காலையில டவுன்ல அலங்காரம் பண்ற பொண்ணு வீட்டுல கையை நீட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொண்ணு பசை மாதிரி எதையோ எடுத்து மூணு தடவை பூசுச்சு. "அண்ணா, இது வேர்வைக்கு நிக்கும், தண்ணி பட்டா நிக்காது"ன்னு சொல்லுச்சு. அதுகிட்ட இருந்தது எல்லாம் கல்யாணப் பொண்ணு நிறம். தம்பி, நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? "அப்பா, உனக்கு ஒரு கை நம்ம ஊர் கை, ஒரு கை ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரன் கை." தழும்பு போச்சு, நிறம் காட்டிக் கொடுத்துச்சு.

காது குத்துற கோவில், கீழ்பென்னாத்தூர் தாண்டி வயல் நடுவுல. நான் சட்டையைக் கழட்டிட்டு உட்கார்ந்தேன், உங்க அத்தை மஞ்சள் தண்ணிச் சொம்போட வந்தா. என் கையைப் பார்த்ததும் நின்னுட்டா.

"என்னாணா இது?"

"மேக்கப்."

"யார் சொன்னது?"

அவ திரும்பிப் பெரிய மாமாவைப் பார்த்தா. அவர் கிட்ட வந்து மெதுவா, "பேருக்கு வெரல்ல ரெண்டு சொட்டு விடும்மா, போதும்"னார். மஞ்சள் தண்ணி இருக்குங்கிறதை மேக்கப் யோசனை சொன்னப்போ அவரும் மறந்துட்டார், அலங்காரப் பொண்ணு சொன்னப்பவும் எனக்கு உறைக்கலை.

உங்க அத்தை அவரை விட்டுட்டு என்னைத்தான் கேட்டா. "ணா, நீ சொல்லு. எங்கேருந்து ஊத்தட்டும்?"

பத்துப் பதினஞ்சு வருஷமா யார் யாருக்காகவோ பட்டன் போட்டிருக்கேன். அவ ஒருத்திக்காக மறைச்சதே இல்லை. அவ மறைக்க விட்டதும் இல்லை. இப்ப அவ குழந்தையை வாங்குறதுக்கு வேற ஒருத்தன் கையையா நீட்டுறது? கூச்சமா இல்லை அந்த நேரத்துல, எரிச்சலா இருந்துச்சு.

"முழங்கையிலேருந்து ஊத்து"ன்னேன்.

ஊத்தினா. வலது கையால நானே நல்லாத் தேச்சேன். பசை கரைஞ்சு வேட்டியெல்லாம் வழிஞ்சுது. மஞ்சள்ல அந்தக் கோடெல்லாம் முன்னைவிட ஜாஸ்தியாத் தெரிஞ்சுது. மேளக்காரர் அடிச்சிட்டே இருந்தார். பொண்ணு கேட்டு வந்தவங்கள்ல ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "என்னாப்பா கையில?"ன்னு கேட்டாங்க.

"சின்ன வயசுல மனசு சரியில்லாம நானே பண்ணிக்கிட்டதும்மா. வைத்தியம் பார்த்தேன், சரியாயிடுச்சு."

அவங்க என் முகத்தைப் பார்த்தாங்க, கையைப் பார்த்தாங்க. "சரி, கொழந்தை தலையைக் கெட்டியாப் புடி. ஆட்டிட்டா காது கோணிக்கும்"னாங்க. நகை செய்யிற பத்தர் குத்தினார். குழந்தை என் கையைப் பிராண்டி எடுத்துடுச்சு. கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன், ரெண்டு காதும் நேரா இருக்கு.

பெரிய மாமா சாப்பிடாம கெளம்பிட்டார். அந்தச் சம்பந்தம் முடியுமா முடியாதான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. முடியலைன்னா பழி என் மேலதான். வரட்டும், தாங்கிக்குவேன். அவர் பொண்ணை நினைச்சா மட்டும் கொஞ்சம் உறுத்துது. இல்லைன்னு சொன்னா பொய்.

உங்ககிட்ட யாராவது கேட்டா மெஷின்ல பட்டதுன்னு சொல்லாதீங்க. உங்க அப்பா ஒரு காலத்துல சீக்கா இருந்தார், இப்ப நல்லா இருக்கார்னு சொல்லுங்க. சொல்ல இஷ்டமில்லைன்னா, சொல்ல மாட்டோம்னு சொல்லுங்க, அதுவும் சரிதான். உங்க ரெண்டு பேருக்கும் எப்பவாவது மனசு அந்த மாதிரி ஆச்சுன்னா, தனியா வெச்சிருக்காதீங்க. நான் வேலையில இருந்தாலும் வந்து எழுப்பி, பேனாவைப் பிடுங்கிப் போட்டுட்டுச் சொல்லுங்க. நான் கத்த மாட்டேன். சட்டையை மாத்திட்டுக் கெளம்புவேன், அவ்வளவுதான்.

நேத்து போட்டோக்காரர் ஃபோன் பண்ணினார். "அண்ணா, கையில இருக்கிறதை கம்ப்யூட்டர்ல எடுத்துடுறேன், பெரியவர் சொன்னார்"ன்னார். அவர் ஆல்பத்துல எடுத்துக்கங்க, எங்களுக்குப் போடுறதுல தொடாதீங்கன்னேன். உங்க அத்தையும் அதையே சொல்லிட்டாளாம். அதனால பெரிய மாமா வீட்டு ஆல்பத்துல குழந்தையைப் பிடிச்சிருக்கிறது மழமழன்னு யாரோ ஒருத்தன் கை. நம்ம வீட்டுக்கு வர்ற போட்டோவுல பிடிச்சிருக்கிறது நான்.