‘மெதுவு’ என்று முன்பே சொன்ன சம்பந்தி

கருகிய ஒரு மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் புதுக் காயில் கட்டி முடித்து வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தேன். தளவானூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒருவர் கடை வாசலில் செருப்பைக் கழற்றினார். என் கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

“உங்க சம்பந்தி போய்ட்டாருங்க.”

“எங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார். பிறகுதான் எனக்குப் புரிந்தது. மடை திறக்கப் போன ஏழுமலை வரப்பில் உட்கார்ந்தாராம். கூப்பிட்டதற்கு எழுந்திருக்கவில்லையாம். என் கையில் இருந்தது அவருடைய மோட்டார்தான்.

சம்பந்தி முறைக்குக் கோடி வேட்டி எடுத்துக்கொண்டு போனேன். தளவானூரில் கூட்டம் விலகி எனக்கு வழி விட்டது. அது மரியாதைக்காக அல்ல. மருமகளைத் துரத்தியவன் என்று அந்த ஊரில் எனக்குப் பெயர். நான் துரத்தவில்லை, தகப்பன் வீட்டுக்கு அனுப்பினேன். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அந்த ஊரில் எனக்காக வாதாடியவர் ஏழுமலை ஒருவர்தான். அவருடைய பெண்ணைத்தான் நான் அனுப்பினேன்.

செஞ்சியிலும் தளவானூரிலும் அவரைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவன் இல்லை. எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டவன். ஒருவரிடம் தலை குனிந்து எதையும் கேட்டறியாததைப் பெருமையாகவே நினைத்து வந்திருக்கிறேன். அந்தப் பெருமை எவ்வளவு கெடுதல் செய்தது என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேரும் தெரிந்துகொள்ளட்டும்.

ஏழுமலை முதல்முறை என் கடைக்கு வந்தது மாட்டுவண்டியில், ஒரு கருகிய மோட்டாரோடு. இறக்கும்போதே திட்டிக்கொண்டு இறக்கினார். “சோம்பேறி மோட்டாருங்க இது. தண்ணிய மூக்கால சிந்துது.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த நாளில் நம் பக்கத்து கரண்ட் எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பல்புக்குள் கம்பி சிவப்பாகத் தெரியும், வெளிச்சம் வராது. “யோவ், மோட்டார திட்டாத. அது இன்னா பண்ணும்? வோல்டேஜ் இல்லாத லைன்ல அது ஓடினதே பெருசு. மொதல்ல லைன பாரு” என்றேன்.

வேறு யாராவது இருந்தால் கோபித்துக்கொண்டு திண்டிவனம் போயிருப்பார்கள். அவர் சிரித்தார். அதன்பின் ஊரில் எவன் மோட்டாரைத் திட்டினாலும், “லைன பாருடா, செஞ்சி மேஸ்திரி சொல்லியிருக்காரு” என்று சொல்லத் தொடங்கினார்.

என் மகன் குமாருக்கு அவர் பெண் வசந்தாவைக் கேட்டது நான்தான். பூ வைப்பதற்கு முன் என்னைத் தனியாகக் கிணற்றடிக்கு அழைத்துப்போனார். “எம் பொண்ணு கொஞ்சம் மெதுவு சம்பந்தி. எங்க அக்காவும் அப்படித்தான். சொல்லிட்டேன்” என்றார். பெண்ணைப் பெற்றவர் தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ‘மெதுவு’ என்பது எந்த நோயின் பெயரும் இல்லை என்று இன்றும் நான் சொல்வேன். ஆனால் அவருக்குத் தெரிந்ததை அவர் மறைக்கவில்லை. மறைத்தார் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன்.

பேத்தி செல்வி பிறந்த பிறகு வசந்தா மிகவும் தளர்ந்துபோனாள். முகம் ஊதியது. கல்யாணமாகி வந்தபோதே கரகரப்பாக இருந்த குரல் இன்னும் கரகரத்தது. சித்திரை வெயிலில் ராஜகிரிக் கோட்டைப் பாறை அடுப்பாகக் காயும்போது அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பாள். உலை வைத்துவிட்டு அடுப்பின் பக்கத்திலேயே தூங்கிவிடுவாள். நான் ஏழுமலைக்கு ஆள் அனுப்பினேன். வந்தவரை உள்ளே கூப்பிடவில்லை. கடை வாசலிலேயே நிறுத்தினேன். எதிரே டீக்கடை, அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம்.

“இன்னா சம்பந்தி, பொண்ணு குடுத்தீங்களா, போர்வ குடுத்தீங்களா?”

டீக்கடையில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

“மெதுவுன்னு அன்னிக்கே சொன்னேனே சம்பந்தி.”

“மெதுவுன்னா வேல லேட்டா முடியும். இங்க வேலையே முடியறதில்ல. சோம்பேறிய வளத்து எந்தலையில கட்டிட்டீங்க.”

அவர் தரையில் பிரித்துக் கிடந்த மோட்டார்களைப் பார்த்தார். “மோட்டார திட்டாத, மொதல்ல லைன பாருன்னு எனக்கு சொன்னதே நீங்கதான். எம் பொண்ணுக்கும் ஒரு தடவ லைன பாத்துடலாமா?” என்று என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். மடக்கிவிட்ட சந்தோஷம் அந்தக் குரலில் இல்லை. இருந்திருந்தால் நான் அதை எப்போதோ மறந்திருப்பேன்.

“பாத்துட்டு அங்கயே வெச்சிக்குங்க” என்றேன்.

என் மகன் உள்ளே ஸ்பேனர் தேடுவதுபோல் நின்றான். அவனை அப்படி வளர்த்ததும் நான்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வசந்தா தகப்பனோடு பஸ் ஏறினாள்.

பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார். சில வாரங்கள் கழித்து ஏழுமலை கடைக்கு வந்து, எனக்குப் புரியும் பாஷையில் சொன்னார்: “தொண்டையில தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்குதாம். அதுலருந்து வர்ற ஹார்மோன்தான் ஒடம்புக்கே கரண்ட்டாம். வசந்தாவுக்கு வோல்டேஜ் கம்மி, அவ்ளோதான். தெனம் ஒரு மாத்திர. இது குடும்பத்துல தொடர்ந்து வருமாம். எங்க அக்காவையும் இட்டுக்கினு போனேன். அதுக்கும் இருக்குது.”

அவருடைய அக்காவைப் புகுந்த வீட்டில் வேலைக்கு ஆகாதவள் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட்டைக் கேட்டதும் அந்த அம்மாள் அழுதாராம். “‘அப்ப நான் சோம்பேறி இல்லியாடா’ன்னு கேட்டுச்சு சம்பந்தி” என்றார்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். “அப்ப இது உங்க வம்சத்துக் கோளாறு. எம் பேத்திக்கும் வந்துருமே” என்றேன்.

“வரலாம், வராமயும் போலாம்னாங்க. வருஷா வருஷம் பாக்கணுமாம்.” பிறகு சிரித்தார். “செல்வி மூக்கு எங்க அக்கா மூக்கு. அத மட்டும் கொஞ்சறீங்க. சீர்த்தட்டுல வேணுங்கறத மட்டும் பொறுக்கி எடுக்க முடியுமா சம்பந்தி?”

எழுந்திருக்கும்போது சுவரில் மாட்டியிருந்த என் அம்மாவின் படத்தை அண்ணாந்து பார்த்தார். “அம்மாவுக்குக் கழுத்துல வீக்கமாட்டம் தெரியுதே?”

“அது படம் புடிச்சவன் போட்ட நிழல்.”

“அப்படிங்களா” என்றார். அதன்பின் அதைப் பற்றி ஒரு நாளும் அவர் பேசவில்லை.

அது நிழல் இல்லை. என் அம்மா கோடையில் கம்பளி போர்த்தியவள். அடுப்படியில் தூங்கியவள். என் நைனா அவளைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிட்டார். அந்த வார்த்தையோடுதான் நான் வளர்ந்தேன். என் வீட்டில் வசந்தா போர்வையோடு படுத்திருந்தபோது எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம், அதை முன்பே ஒருமுறை பார்த்திருந்ததுதான். டீக்கடைக் கூட்டத்தின் முன் அந்தப் படத்தைக் காட்டி ஏழுமலை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் வாய் அடைத்துப்போயிருக்கும். அவர் கேட்கவில்லை.

மாத்திரை சாப்பிடத் தொடங்கிய சில மாதங்களில் வசந்தா தேறினாள். நான் அழைக்கவில்லை. அவரே கொண்டுவந்து விட்டார். உள்ளே வந்தவள், “மாமா, டீ போடட்டுமா?” என்று கேட்டாள். நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். கரகரப்பு போய்விட்டிருந்தது. என் மருமகளின் சொந்தக் குரலை அன்றுதான் முதல்முறை கேட்டேன். டீ மட்டும் குடித்தேன்.

ஒவ்வொரு வருஷமும் பேத்தியை ரத்தம் பார்க்க ஏழுமலைதான் அழைத்துப்போவார். போகும் வழியில் கடையில் நிற்பார். “வர்றீங்களா சம்பந்தி?” “வேல இருக்குது.” “சரி, அடுத்த வருஷம் பாக்கலாம்.” இதுவே வழக்கமாகிவிட்டது.

கருமாதி முடிந்ததும் அவருடைய மோட்டாரை நானே கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தேன். பிறகு வசந்தாவையும் செல்வியையும் அழைத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். டாக்டரம்மா எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். “பெரியவர் வரலியா?”

வசந்தா சொன்னாள். டாக்டரம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கொழந்தையோட அப்பா வழியில யாருக்காவது இருந்துதான்னு வருஷா வருஷம் கேப்பேன். ‘அத எங்க சம்பந்திதான் சொல்லணும், ஒரு நாள் வருவாரு’ம்பார். அது நீங்கதானா?”

வசந்தா என்னைப் பார்க்காமல் குழந்தையின் ஜடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“எங்கம்மாவுக்கு இருந்துச்சு” என்றேன். “கழுத்துல. படத்துல கூட நல்லா தெரியும்.”

ஜடையில் இருந்த கை நின்றது. டாக்டரம்மா என் சட்டைக் கையையும் மடித்துவிடச் சொன்னார். ரத்தம் கொடுத்தேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

‘லைன பாரு’ என்ற வாக்கியம் என்னுடையது என்று ஊரில் சொல்கிறார்கள். அதன் அர்த்தம் தெரிந்தவர் ஏழுமலைதான். அதனால் அதை அவருக்கே விட்டுவிடுகிறேன். கிணற்றடியில் அவர் சொன்ன ‘மெதுவு’ என்ற ஒரு சொல்லை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அவருடைய பெண்ணைப் பற்றி அவர் சொன்ன சொல் அது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் அந்தச் சொல் யாருக்குப் பொருந்தும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று அவர் கடை வாசலில் எத்தனையோ முறை நின்றார். நான் அவர் போன பிறகுதான் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினேன்.