தவளைக்கு வைத்த சந்தனம்

என் மகன் விளையாடும் விளையாட்டுக்கு முடிவே கிடையாதாம். இதைக் கேள்விப்பட்ட அன்று எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது.

"எப்படா முடியும்?" என்று கேட்டேன்.

"முடியாதுப்பா. சீசன் மாறும், அவ்ளோதான்லா," என்றான், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே. அந்தக் காதுக்குள் பிரேசில்காரன் ஒருவன், போலந்துக்காரன் ஒருவன், பக்கத்து ஊர் மெர்லிமாவ் பையன் ஒருவன் என்று ஒரு கூட்டமே குடியிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் ஒருவன் அம்மாவை இன்னொருவன் திட்டுகிற அளவுக்கு நெருக்கம்.

நான் பழமைவாதி இல்லை. வெறும் பயந்தாங்கொள்ளி. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. வாங்கி வந்த அன்றைக்கே அரை நாள் அப்டேட் இறங்குகிறதே, அதைப் பார்த்தாலே எனக்கு வேர்க்கும். அரைவேக்காட்டுத் தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, மீதியை அப்புறம் வேகவைத்து அனுப்புகிறேன் என்று சொல்லும் கடையில் யாராவது உட்காருவோமா? வீரன் ஒரு விலை, அவன் சட்டை தனி விலை. கம்பெனிக்காரன் ஒருநாள் சர்வரை மூடிவிட்டால், நாம் வாங்கியது நம்மிடம் இருந்ததற்கு அடையாளம்கூட இருக்காது. வீட்டில் எத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் இந்த ஒரு கருத்தை நான் விடுவதாக இல்லை: விளையாட்டு என்றால் அது முடிய வேண்டும். முடித்தவன் எழுந்து போய்ச் சோறு தின்ன வேண்டும்.

இவ்வளவு பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், பத்து வயதில் நான் ஒரு முடிவைப் பார்த்தேன். அதைச் சாமி முடித்துவைத்தது என்று வெகுநாள் நம்பினேன்.

அப்போது நாங்கள் செலண்டார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தோம். அப்பா பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தார். தொழிற்சாலை பஸ் தோட்டத்து வாசலுக்கு வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். இரவு ஷிப்ட் வாரத்தில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் வந்து படுப்பார். கண் எப்போதும் சிவந்திருக்கும். பேக்டரி வெளிச்சம் அப்படி என்று அம்மா சொல்வார். அத்தைக்குக் குளுவாங்கில் மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். அதனால் அவர் சத்தமாகச் சிரித்தால்கூட, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழுந்தா என்ன நெனப்பாங்க?" என்று அம்மா கேட்பார். குளுவாங்குக்கும் செலண்டாருக்கும் நடுவில் ஒரு மாநில எல்லையே இருந்தது.

சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பாதான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி. அதில் ஒரே ஒரு விளையாட்டு காசட். ஒரு தவளை ஓடும், குதிக்கும், பள்ளம் தாண்டும். கடைசியில் ஒரு முதலை ராஜா காத்திருக்கும். சித்தப்பாவால் அந்த முதலையை ஒருநாளும் கொல்ல முடியவில்லை. லீவு முடிந்து கிளம்பும்போது பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுச் சொன்னார்:

"ஆயுத பூசைக்கு மறுநாள் வருவேன். அதுக்குள்ள முதலைய கொன்னுட்டேன்னா பொட்டி உனக்கு. இல்லாட்டி தூக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் அழக் கூடாது."

அவ்வளவுதான், எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இலட்சியம் பிறந்தது.

இன்றுபோல 'சேவ்' பண்ணும் வசதியெல்லாம் அந்தப் பெட்டியில் கிடையாது. சுவிட்சை அணைத்தால் தவளை மறுபடி முதல் குளத்துக்கே போய்விடும். ஆகவே நான் அணைக்கவில்லை. விளையாட்டை நிறுத்திவைத்துவிட்டு டிவியை மட்டும் அணைப்பேன். பெட்டியின் சிவப்பு விளக்கு அம்மா கண்ணில் படாமலிருக்க அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டினேன். பெட்டி இரவும் பகலும் கொதித்தது. நானும்தான்.

முதலையின் குகை வாசல் வரை போய்ச் சேர்ந்துவிட்டேன். ஆனால் தவளைக்கு ஒரே ஓர் உயிர்தான் மிச்சம். அதை அப்படியே நிறுத்திவைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்து டிவியைப் போட்டால், ஆறு உயிர்.

சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஆனால் என் குணத்துக்குக் காரணமில்லாமல் வரும் நல்லதும் பயம்தான். ராத்திரிச் சாப்பாட்டில் மெதுவாகச் சொன்னேன்:

"அம்மா, காலையில எனக்கு ஒரு உயிர்தான் இருந்துச்சு. இப்ப ஆறு உயிர் இருக்கு."

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "என்னடா சொல்ற?"

"நெசமாம்மா. நேத்து மூணு உயிர் போச்சு. முதலை தின்னுருச்சு."

அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அத்தைக்கு அந்நேரம் பார்த்துப் புரையேறியது. வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர்ச் செம்போடு வெளியே ஓடினார். பாவம், என்னை நினைத்து அவருக்கும் பயம் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர் கண்ணை மூடித் திறந்து, "முதலைய எங்கப்பா பாத்த?" என்றார். "டிவில," என்றேன். அவர் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். வந்ததற்குக் கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டி, "டிவி பாக்கறத கொறைச்சுக்க" என்று அனுப்பிவைத்தார்.

நான் குறைக்கவில்லை. பெட்டிக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது, அதைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன். பள்ளிக்குப் போகுமுன் பெட்டி பக்கத்தில் ஒரு பிஸ்கட்டை வைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பிஸ்கட் இல்லை. மறுநாள் முறுக்கு வைத்தேன். அதுவும் போயிற்று, உயிர் இன்னும் இரண்டு கூடியிருந்தது. கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. பேயோ பிசாசோ, அதற்குத் தீனி போட்டுக்கொண்டே முதலையை முடித்துவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அது கொடுத்த உயிரையெல்லாம் நான் குகைக்குள் கொண்டுபோய் முதலைக்கே தீனியாகப் போட்டேன். மறுபடி ஒன்றுதான் மிச்சம். ஆயுத பூசை வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் ஆயுத பூசை என்றால் ஒரு சாமானும் விட்டுப்போகாது. லோரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், அம்மாவின் தையல் மிஷினுக்கு மாலை, அரிவாள்மணைக்குப் பொட்டு. சந்தனம் வைத்துவிட்டால் மறுநாள் காலை பூசை முடியும்வரை அந்தச் சாமானைத் தொடக் கூடாது. பாடப் புத்தகத்தையும் வைத்துவிடலாம் என்பதால் பிள்ளைகளுக்கு அது பிடித்தமான சட்டம். அன்று பள்ளி விட்டு ஓடிவந்து டிவி முன்னால் உட்காரப் போனேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்.

"அத எடுடா. அதுக்கும் வைக்கணும்."

"அம்மா, அது ஆயுதம் இல்ல! விளையாட்டுச் சாமான்!"

"எந்நேரமும் அது முன்னாடிதானே குந்திருக்க? ஒன் தொழிலே அதுதானே?"

இன்று அதைத் தொழிலாகவே செய்து சம்பளம் வாங்குகிறார்கள், அரங்கம் வைத்து ஆடுகிறார்கள். அம்மா முப்பது வருஷம் முந்திச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அப்போது எனக்கு அதெல்லாம் ஓடவில்லை. அம்மா பெட்டியைத் தூக்கக் குனிந்தார். வயர் இழுபட்டது. பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் போச்சு.

"அண்ணி, அத தூக்காதீங்க," என்றார் அத்தை அடுப்படியிலிருந்து விரைந்து வந்து. "அந்த மூலையில காத்தடிச்சு வெளக்கு நிக்கமாட்டேங்குது. சாமி பலகைய இங்க டிவி பக்கம் தள்ளிப்புடுவோம்."

அம்மா யோசித்தார். சரியென்று பட்டது. ஆக அந்த வருஷம் எங்கள் வீட்டில் பெட்டி சாமியிடம் போகவில்லை. சாமி பெட்டியிடம் வந்தது. சரஸ்வதி படம், தையல் மிஷின், என் கணக்குப் புத்தகம், நடுவில் கொதித்துக்கொண்டிருந்த பெட்டி. அத்தையே தன் கையால் பெட்டிக்குச் சந்தனம் பூசினார். விளையாடும் கைப்பிடியின் ஒவ்வொரு பட்டனுக்கும் குட்டிக் குட்டியாகக் குங்குமம் வைத்தார்.

தவளை பிழைத்தது. ஆனால் நான் செத்தேன். நாளை காலை சித்தப்பா வருவார். அதுவரை பெட்டியைத் தொடக் கூடாது. சாயங்காலம் எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பினோம். அத்தை மட்டும் தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டார். எனக்கு வந்திருக்க வேண்டிய தலைவலி அவருக்கு வந்திருக்கிறதே என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனேன். கோயிலில் நான் வேண்டியது முதலை சாக வேண்டும் என்ற ஒன்றைத்தான். மற்றவர்கள் படிப்பு வேண்டும் என்று கும்பிட்டார்கள்.

காலையில் பூசை முடிந்து கற்பூரம் அணையும் முன்பே சித்தப்பா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்னடா, முதலை செத்துச்சா?"

டிவியைப் போட்டேன். தவளை சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தது. தலையில் கிரீடம். பின்னால் வாணவேடிக்கை. திரையின் நடுவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அப்பா எழுத்துக் கூட்டி வாசித்தார்: "தி எண்ட்."

"அலமாக்! முடிச்சிட்டானே!" என்று சித்தப்பா தலையில் கை வைத்தார்.

"நான் முடிக்கல சித்தப்பா," என்றேன். சத்தியமாக எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை, பயம் அவ்வளவு. "சாமி முடிச்சிருச்சு."

ஆதாரமும் காட்டினேன். கைப்பிடியில் எல்லாப் பட்டன்களிலும் குங்குமம் அப்படியே இருக்க, குதிக்கிற பட்டனிலும் அடிக்கிற பட்டனிலும் மட்டும் அழிந்திருந்தது. சரஸ்வதிக்கு நாலு கை, இரண்டு பட்டன் அழுத்த முடியாதா? யோசித்துப் பார்த்தால் அந்த நாலு கையும் ஏற்கெனவே வேலையாகத்தான் இருக்கின்றன. அன்று எனக்கு அவ்வளவு தூரம் ஓடவில்லை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சித்தப்பா லேசில் விடுகிற ஆள் இல்லை. "சாமி முடிச்சா பொட்டி சாமிக்குத்தானே? இவனுக்கு எதுக்கு?"

அத்தை விபூதித் தட்டோடு வந்து அவர் முன்னால் நின்றார். "ஏண்ணே, முதலை செத்தா பொட்டி இங்க இருக்கும்னுதானே பேச்சு? செத்துச்சா இல்லையா? மத்த நேரமெல்லாம் பேச்சு மாறமாட்டேன்னு பெருமை பேசுவீங்களே."

சித்தப்பா விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டார். பெட்டி எங்கள் வீட்டிலேயே தங்கியது.

தை மாதம் அத்தைக்குக் கல்யாணம். அதற்கு முந்தின வாரம் அவர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். குளுவாங்கில் போய் என்ன செய்வாரோ என்று எனக்குப் பாவமாக இருந்தது. பெருந்தன்மையோடு கைப்பிடியை நீட்டினேன்.

"வாங்க அத்தை, சொல்லித் தரேன். பயப்படாதீங்க, ஈசிதான்."

அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எந்தப் பட்டன்டா குதிக்கிறது?" என்று கேட்டார். காட்டினேன். தவளை நடந்தது. முதல் குளத்தின் முதல் பள்ளத்திலேயே விழுந்தது. மறுபடி நடந்தது, மறுபடி அதே பள்ளம்.

கொஞ்ச நாள் முன்பு கம்பெனிக்காரன் அந்தப் பழைய தவளையைத் தூசு தட்டிப் புது மிஷினுக்கு மறுபடி விற்றான். விற்றதையே திரும்ப விற்பதில் அவர்களை அடிக்க ஆள் இல்லை. திட்டிக்கொண்டே வாங்கினேன். அப்போதுதான் அந்த முதல் பள்ளத்தை வளர்ந்த கண்ணால் பார்த்தேன். அது பள்ளமே இல்லை, கீறல். சும்மா ஓடினாலே தவளை தாண்டிவிடுகிறது. அதில் விழ வேண்டுமென்றால் ஓடுகிற தவளையை நிறுத்தி, ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்து, விரலைச் சரியான கணத்தில் எடுக்க வேண்டும். எவ்வளவோ முயன்றேன். எனக்கு விழ வரவில்லை.

அன்று அத்தை அதில் மூன்று முறை விழுந்தார். மூன்று உயிரும் போயிற்று.

"ஹபிஸ்! ஆட்டம் முடிஞ்சுச்சு, அத்தை ஹபிஸ்!" என்று நான் தரையில் உருண்டு உருண்டு சிரித்தேன். "பொம்பளைங்களுக்கு இது வராது அத்தை!"

"ஆமாடா. எனக்கு எங்க வரப்போவுது," என்று அத்தை கைப்பிடியை என் மடியில் வைத்தார். "நீ ஆடு. நான் பாக்கறேன்."

அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அன்றைக்கு அம்மா அதட்டவும் இல்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை அத்தை சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத்தான் சிரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் சத்தமாகச் சிரித்தேன்.